வாகனப் பாதைக்குப் பேவர் பிளாக் பதித்தல்: ஒப்பந்தக்காரருக்கான வழிகாட்டி

பேவர் பிளாக் பதித்த வாகனப் பாதை ஓராண்டுக்குள் சக்கரத் தடத்தில் பள்ளம் விழுந்து, ஓரங்களில் விரிந்து, மழைநீர் தேங்கி நின்றால், வீட்டுக்காரர் முதலில் கல்லைத்தான் குறை சொல்வார். ஆனால் அத்தகைய பாதையைப் பெயர்த்துப் பார்த்தால் கற்கள் பெரும்பாலும் முழுதாகவே இருக்கும். கெட்டிருப்பது அவற்றின் கீழே உள்ள ஜல்லித் தளமோ, மணலோ, பக்கத்தில் உள்ள ஓரக்கட்டோதான். கல் பதிப்பது இந்த வேலையின் கடைசிக் கட்டம், அதுவும் எளிதான கட்டம். எனவே இந்த வழிகாட்டி கல்லுக்கு மேலே நடப்பதைவிடக் கல்லுக்குக் கீழே நடப்பதையே அதிகம் பேசுகிறது.

தளத்தைப் பார்வையிடும்போது மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மண் எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கே போகும், மண்ணுக்குள் என்ன புதைந்திருக்கிறது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவை செல்லும் வழியை உரிமையாளரிடமும் உரிய அலுவலகங்களிடமும் கேட்டு அறிந்த பிறகே இயந்திரத்தைக் கொண்டு தோண்ட வேண்டும். ஆழம் குறைவாகப் போடப்பட்ட குழாய் இருந்தால், அதை இறக்கிப் போடுவதா, கான்கிரீட் உறை இடுவதா என்பதை அப்போதே முடிவு செய்து, விலைப்புள்ளியில் எழுதிவிடுவது பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கும். விலைப்புள்ளியில் கல்லின் வகையையும் நிறத்தையும் மட்டும் குறிப்பிட்டு, அடித்தளத்தின் தடிமனைக் குறிப்பிடாமல் விடுவது பலரிடம் உள்ள வழக்கம். மலிவாக விலை சொல்பவருக்கும் முறையாகச் செய்பவருக்கும் உள்ள வித்தியாசமே அந்தத் தடிமன்தான் என்பதால், அதை மில்லிமீட்டரில் எழுதித் தருவது நமக்கே நன்மை.

அடுத்தது மட்டம். பாதை வீட்டுச் சுவரை ஒட்டி வருமானால், கல்லின் மேற்பரப்பு, டி.பி.சி. எனப்படும் ஈரத்தடுப்பு அடுக்குக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். இல்லையேல் தரையில் பட்டுத் தெறிக்கும் மழைநீர் சுவரில் ஏறும். வாட்டம் எப்போதும் வீட்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும். 80க்கு 1 என்பது குறைந்த அளவு. 50க்கு 1 இருந்தால் நிம்மதி. அதாவது 5 மீட்டர் அகலமுள்ள பாதையின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 100 மி.மீ. வித்தியாசம். நிலத்தின் அமைப்பினால் தண்ணீர் வீட்டை நோக்கித்தான் வரும் என்றால், சுவருக்கு முன்பாக நெடுக்கு வடிகால் ஒன்று போட்டு, அதை உறிஞ்சுகுழிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ இணைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயில் இணைப்பது கூடாது.

இந்த மட்டங்களை முளையடித்து நூல் கட்டிக் குறித்துவிட்டால், தோண்டவேண்டிய ஆழம் கணக்கில் வந்துவிடும். கார் மட்டும் வந்துபோகும் பாதைக்கு 60 மி.மீ. கல், அழுத்தப்பட்ட நிலையில் 30 மி.மீ. மணல், அதே நிலையில் 150 மி.மீ. ஜல்லித் தளம் என்று கொண்டால், முடிந்த மட்டத்திலிருந்து, அதாவது வேலை முடிந்தபின் கல்லின் மேற்பரப்பு இருக்கும் மட்டத்திலிருந்து, 240 மி.மீ. கீழே போக வேண்டும். சரக்கு வண்டி வருமிடத்தில் 80 மி.மீ. கல்லும் தடிமனான தளமும் தேவை. ஈரமானால் இளகும் களிமண்ணில் தளத்தை 225 மி.மீ. அல்லது அதற்கு மேலாகக் கூட்டி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். துணி பாரத்தைத் தாங்குவதற்காக அல்ல. களிமண் மேலே ஏறி ஜல்லியோடு கலந்து அதன் வலுவைக் கெடுக்காமல் பிரித்து வைப்பதற்காக.

அளவுகளைக் கணக்கிட ஓர் எடுத்துக்காட்டு. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பாதை 50 சதுர மீட்டர். 200 × 100 மி.மீ. அளவுள்ள கல் சதுர மீட்டருக்கு 50 வீதம் 2500 வேண்டும். வெட்டுக்கும் உடைசலுக்கும் 5 முதல் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். தோண்டும் மண் 12 கன மீட்டர் என்றாலும், தோண்டியபின் அது உப்பும் என்பதால் ஏறத்தாழ 15 கன மீட்டரை அப்புறப்படுத்த வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். ஜல்லிக் கலவை அழுத்திய நிலையில் 7.5 கன மீட்டர். தளர்வாக வந்திறங்கும்போது அதைவிடக் கால் பங்கு கூடுதலாக வேண்டியிருக்கும். மணல் தளர்வான நிலையில் 2 கன மீட்டர்.

தோண்டி முடித்த அடிமண்ணில் வேர், குப்பை, மெத்தென்ற திட்டு எதுவும் இருக்கக் கூடாது. காலால் மிதித்தால் அமுங்கும் இடம் இருந்தால், அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லிக் கலவையால் நிரப்பித் திமிசு போட வேண்டும். மழையில் ஊறிச் சேறான அடிமண்மீது ஜல்லியைக் கொட்டி மறைப்பதைவிட, ஒரு நாள் வேலையை நிறுத்திவைப்பது லாபம்.

ஜல்லித் தளத்துக்கு ஒரே அளவான ஜல்லியைப் போடக் கூடாது. பெரிய ஜல்லி முதல் தூள் வரை எல்லா அளவும் கலந்த கலவைதான் தேவை. பெரியவற்றின் இடைவெளியைச் சிறியவை அடைத்துக்கொள்வதால்தான் அது கெட்டிப்படுகிறது. 150 மி.மீ. தடிமனை ஒரே தடவையில் கொட்டி அழுத்தினால், சிறிய காம்பாக்டரின் (அதிர்ந்து அழுத்தும் இயந்திரம்) அதிர்வு அடிவரை சேராமல் மேற்பகுதி மட்டும் இறுகும். ஆகவே 75 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காகப் பரப்பி, லேசாக நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கிலும் இயந்திரத்தைப் பல முறை குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். இயந்திரம் போன தடமே பதியாத நிலை வரும்வரை அழுத்துவது சரியான அளவுகோல். தளம் ஓரக்கட்டின் அடியிலும் சென்று, அதற்கு அப்பாலும் ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. ஜல்லித் தளம் மேடும் பள்ளமுமாக இருந்தால், ‘மணலில் சரிக்கட்டிக்கொள்ளலாம்’ என்று மேஸ்திரி சொல்வார். மணல் படுக்கை மட்டம் திருத்துவதற்கு உரியதன்று. ஓரிடத்தில் 20 மி.மீ. மணலும் பக்கத்தில் 60 மி.மீ. மணலும் இருந்தால், வண்டி ஏற ஏற இரண்டும் வெவ்வேறு அளவில் அமுங்கும்; பதித்த அன்று கண்ணாடிபோல் இருந்த தரை, அடியிலிருக்கும் ஜல்லித் தளத்தின் மேடுபள்ளத்தை அப்படியே மேலே காட்டிவிடும். எனவே தளத்தின்மீது 3 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, 10 மி.மீ.க்கு மேல் மேடோ பள்ளமோ இருந்தால் ஜல்லிக் கலவையைக் கொண்டே திருத்தி மீண்டும் அழுத்த வேண்டும். வாட்டமும் தளத்திலேயே வந்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில், அளவுகோலைத் தளத்தின்மீது வைத்துச் சில நிழற்படங்கள் எடுத்துவைப்பது நல்லது. மூடிய பிறகு நாம் போட்ட தடிமனுக்கு வேறு சாட்சி கிடையாது.

ஓரக்கட்டு இல்லாத பேவர் தளம் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகரும். கற்களுக்கிடையே சிமென்ட் கிடையாது. இடுக்கில் இறுகிய மணலும் கற்களின் நெருக்கமுமே ஒரு கல்லின்மேல் விழும் பாரத்தைச் சுற்றியுள்ள கற்களுக்குப் பகிர்கின்றன. ஓரம் விலகினால் இடுக்கு விரியும், மணல் இறங்கும், நெருக்கம் போய்விடும். ஆகையால் கர்ப் கல்லையோ (ஓரத்தில் வைக்கும் நீளமான கான்கிரீட் கல்) ஓர வரிசைக் கல்லையோ 100 மி.மீ. கான்கிரீட் படுக்கையில் வைத்து, வெளிப்புறத்தில் கல்லின் பாதி உயரத்துக்குக் குறையாமல் கான்கிரீட் அணைப்புக் கொடுக்க வேண்டும். வெறும் சிமென்ட் சாந்தைப் பூசிவைத்தால் ஒரு சக்கரம் ஏறியதும் பிளந்துவிடும். கான்கிரீட் இறுகச் சில நாள் விட்ட பிறகே அதன் அருகில் காம்பாக்டர் ஓட வேண்டும். மேன்ஹோல் மூடியைச் சுற்றியும் இதே கவனம் தேவை. அதன் சட்டத்தைக் கான்கிரீட்டில் பொருத்தி, புதிய மட்டத்துக்கு முன்கூட்டியே உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்துவிட வேண்டும்.

படுக்கைக்குக் கழுவிய கரடு மணல்தான் ஏற்றது. பூச்சு வேலைக்கான நைஸ் மணலும் கிரஷர் தூளும் தண்ணீரைப் பிடித்துவைத்து, சக்கரம் ஏறும்போது சேறாகி இடுக்கு வழியே பிதுங்கும். மணலில் சிமென்ட் கலந்தால் உறுதி கூடும் என்ற எண்ணமும் சரியன்று; அந்தக் கெட்டிப்படுக்கை வண்டிப் பாரத்தில் ஓரிடத்தில் வெடித்தால், அதற்குமேல் உள்ள கற்கள் தனித்தனியாக ஆடத் தொடங்கும். ஈரப்பதம் முக்கியம்: ஒரு பிடி மணலை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல்களுக்கிடையே நீர் சொட்டக் கூடாது. குவியலைத் தார்ப்பாயால் மூடிவைத்தால் இந்த ஈரம் நாள் முழுதும் ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டு குழாய்களைத் தண்டவாளம்போல வைத்து, அவற்றின்மேல் நேரான அலுமினியச் சட்டத்தை இழுத்து மணலைச் சமன் செய்வது வழக்கமான முறை. 60 மி.மீ. கல்லுக்கு, மணலின் மேல்மட்டம் முடிந்த மட்டத்திலிருந்து 50 மி.மீ. கீழே இருக்கட்டும், கல் வைத்ததும் 10 மி.மீ. உயரமாக நிற்கும், அழுத்தியதும் இறங்கிச் சரியாகும். மணலுக்கு மணல் இந்த இறக்கம் மாறுவதால், முதலில் ஒரு சதுர மீட்டர் பதித்து அழுத்தி அளந்து பார்ப்பது அரை மணி நேர வேலைதான்; தவறவிட்டால் முழுத் தரையும் மட்டம் தவறும். குழாயை எடுத்த தடத்தை மணலால் நிரப்பிக் கரண்டியால் தடவ வேண்டும். சமன் செய்த மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது. அன்றைக்குப் பதிக்கக்கூடிய பரப்பளவுக்கு மட்டுமே மணலை இழுக்க வேண்டும்.

வாகனப் பாதைக்கு எந்த வடிவில் அடுக்குவது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: மீன்முள்போல ஒன்றுக்கொன்று செங்குத்தாக வரும் ஹெர்ரிங்போன் அமைப்புதான். வண்டி நிறுத்தும்போதும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் உண்டாகும் பக்கவாட்டுத் தள்ளலை அது எல்லாத் திசையிலும் பகிர்கிறது. செங்கல் கட்டு வரிசையில் போடத்தான் வேண்டும் என்றால், நீள இடுக்குகள் வண்டி செல்லும் திசைக்குக் குறுக்காக அமையட்டும். கூடைப்பின்னல் அமைப்பை நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேரான ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, பக்கங்கள் 3, 4, 5 அளவில் வரும் முக்கோணம் எடுத்து மூலைமட்டம் பிடித்து, இரண்டு திசையிலும் நூல் கட்டிக்கொள்ள வேண்டும். பதிப்பவர் ஏற்கெனவே பதித்த கல்லின்மேல் நின்றபடியே முன்னேற வேண்டும். கல்லை மணலில் இழுக்காமல், பக்கத்துக் கல்லை உரசியபடி நேராக இறக்கினால் இடுக்கில் மணல் புகாது. இடுக்கு 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கலாம். ஒரே கட்டிலிருந்து வரிசையாக எடுத்தால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதால், குறைந்தது மூன்று கட்டுகளிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். சில வரிசைக்கு ஒருமுறை நூலைப் பார்த்து நேராக்காவிட்டால், மறுமுனையில் கோணல் பெரிதாகிவிடும்.

முழுக் கற்களைப் பதித்த பிறகு ஓரங்களில் வெட்டுக்கல் வைக்க வேண்டும். முழுக்கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான துண்டு சக்கரம் ஏறினால் உடையும் அல்லது கழன்றுவிடும். அப்படி வருமிடத்தில் பக்கத்து முழுக்கல்லையும் எடுத்துவிட்டு, இரண்டு நடுத்தரத் துண்டுகளாக வருமாறு மாற்றி அமைக்கலாம். வெட்டும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா உண்டு; அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தண்ணீர் விட்டு வெட்டுவதும், தகுந்த முகக்கவசம், கண்ணாடி, காது அடைப்பான் அணிவதும் ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டாயம். வெட்டிய குழம்பு கல்லில் காய்ந்தால் கறை போகாது என்பதால் வெட்டும் இடத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும்.

கல் பதித்த பரப்பைப் பெருக்கிச் சுத்தமாக்கிய பின், அடியில் ரப்பர் விரிப்புப் பொருத்திய காம்பாக்டரை இரண்டு அல்லது மூன்று முறை ஓட்ட வேண்டும். ஓரக்கட்டு வராத முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே நிறுத்த வேண்டும். உடைந்த கல்லை இப்போதே மாற்றிவிடலாம். பின்னால் ஒரு கல்லைக் கழற்றுவது பல்லைப் பிடுங்குவதுபோல. அதன்பிறகு நன்றாக உலர்ந்த நுண்மணலைத் தூவி, துடைப்பத்தால் எல்லாத் திசையிலும் தள்ளி, மீண்டும் இயந்திரம் ஓட்டி, இடுக்கு நிரம்பும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். கல் ஈரமாக இருந்தால் மணல் மேலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்காது. வடிகாலை ஒட்டிய கற்கள் முடிவில் அதைவிட 3 முதல் 5 மி.மீ. உயரமாக நின்றால்தான் நீர் உள்ளே விழும்.

நீரை மண்ணுக்குள் இறக்கும் ஊடுருவு தளம் வேண்டுமென்றால் பொருள்கள் முற்றிலும் மாறும்: தூள் இல்லாத ஜல்லித் தளம், மணலுக்குப் பதில் 2 முதல் 6 மி.மீ. வரையான பொடிஜல்லி, இடுக்கிலும் அதே பொடிஜல்லி, கற்களோ அகன்ற இடுக்குக்கென்று வார்த்தவை. இந்த இரண்டு முறைகளையும் கலந்து செய்தால், நீரும் இறங்காது, தளமும் நிற்காது.

ஒப்படைக்கும்போது உரிமையாளரிடம் சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். புதிய கல்லில் பூக்கும் வெண்மையான படிவு சுண்ணாம்புச் சத்து மேலே வருவதால் உண்டாவது. அது வெயிலிலும் மழையிலும் நாளடைவில் மறையும், அமிலம் ஊற்ற வேண்டியதில்லை. முதல் சில வாரங்களில் இடுக்கு மணல் இறங்கும், அப்போது மீண்டும் தூவ வேண்டும். அழுத்த நீரால் கழுவினால் குழலைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும், பறிபோன மணலைத் திரும்ப இட வேண்டும். அதே தொகுதியைச் சேர்ந்த கற்களில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அவரிடமே விட்டுச் செல்வது நல்லது. பின்னாளில் குழாய்க்காகத் தோண்டினால், ஜல்லியை அடுக்கடுக்காக அழுத்தி, புது மணல் இட்டு, பழைய கற்களையே திரும்பப் பதித்து, உடைந்தவற்றின் இடத்தில் இவற்றை வைத்துக்கொள்ளலாம்.