பல்கனித் தோட்டத்தில் சிரட்டையும் தும்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புத் தொடர்மாடிகளில் பல்கனித் தோட்டம் போடத் தொடங்குபவர்கள் முதலில் கைவைப்பது தேங்காயின் மிச்சங்களில்தான். சாடி வாங்கக் காசு வேண்டும். சிரட்டையும் பொச்சும் சும்மா கிடைக்கும். தண்ணீரை அளவுக்கு மிஞ்சி ஊற்றுவது, வெயில் படாத மூலையில் மிளகாய் வைப்பது போன்றவற்றைச் செடியே சொல்லித் தந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துளையில்லாத சிரட்டை

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். வெள்ளவத்தையில் எங்கள் கட்டடத்திலேயே ஒரு தம்பி, வார்னிஷ் பூசிய சிரட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டு மிளகாய் நாற்று வைத்தார். பார்க்க அழகுதான். ஒன்றிலும் துளையில்லை. கேட்டால், “அக்கா, அடியில கல்லுப் போட்டிருக்கிறன், தண்ணி நிக்காது” என்றார். தண்ணீர் வெளியேற வழியில்லாத இடத்தில் கல்லைப் போட்டால், அந்தத் தண்ணீர் கல்லுக்கு இடையில் நிற்கும், அவ்வளவுதான். வேர் அழுகி நாற்றெல்லாம் செத்தது. சலித்துப்போய்ச் சிரட்டைகளை அப்படியே விட்டுவிட்டார். மே மாதம் மழை வந்தது, பின்னாலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார்.

நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிரட்டையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வீட்டுச் சொந்தக்காரரோ குடியிருப்பவரோதான் பொறுப்பு. வழக்கும் தண்டப்பணமும் ஒரு பக்கம் இருக்கட்டும், 2017இல் மட்டும் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் எண்ணிக்கை 186,000ஐத் தாண்டியது. ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாலும் முட்டை உட்புறத்தில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் பழைய சிரட்டையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இத்தனைக்கும் துளைக்கான இடத்தைத் தேங்காயே வைத்துத் தந்திருக்கிறது! மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. முளை வெளிவருவது அதன் வழியாகத்தான். கண்ணுள்ள பாதியை எடுத்து, அந்தக் கண்ணை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் வேலை முடிந்தது. சிரட்டைப் புட்டுக்கு ஆவி ஏறுவதும் இதே கண்ணால்தான். மற்றப் பாதியில் ஆணி அடிக்கப் போனால் பிளந்துவிடும். அதை அகப்பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னாடைத் துண்டு கிடைத்தால் துளைக்கு மேல் வையுங்கள், மண் ஒழுகாது.

அப்புறம், சிரட்டை நாற்றுக்கு மட்டும்தான். நாலைந்து இலை விட்டதும் பெரிய சாடிக்கு மாற்றிவிட வேண்டும். சிரட்டையிலேயே காய் பறிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கழுவாத தும்புத்தூள்

பொச்சிலிருந்து எடுத்துக் கட்டியாக அழுத்தி விற்கும் தும்புத்தூளைத் தண்ணீரில் ஊறவைத்ததும் பொங்கி வருவதைப் பார்த்து, அப்படியே சாடியில் கொட்டிவிடுகிறார்கள். அதில் உப்பு இருக்கும். பொச்சிலேயே இயல்பாகப் பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உவர்நீரில் ஊறிய பொச்சென்றால் இன்னும் கூடும். இலை நுனி கருகுவதைப் பார்த்து உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுவார்கள். உரமும் உப்புத்தான்.

தேயிலைச் சாயம்போல் வரும் தண்ணீர் தெளியும்வரை அலசிப் பிழியுங்கள். சரி, கழுவியாயிற்று என்று தனித் தூளிலும் நடக்கூடாது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், செடிக்குச் சாப்பாடு போடாது. பாதிக்குப் பாதி கூட்டெருவும் மண்ணும் கலக்க வேண்டும்.

பால் பிழிந்த தேங்காய்ப்பூ

சாடியில் போடாதீர்கள். எலி வரும்.

தேங்காய்த் தண்ணீர்

செடிக்கு ஊற்றாமல் நீங்களே குடியுங்கள்.

பச்சைப் பொச்சு

ஓர்க்கிட்டுக்குப் பொச்சுத் துண்டு நல்லது. ஆனால் வெட்டிய கையோடு கட்டக்கூடாது. சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிச் சாயத்தையும் உப்பையும் போகவிடுங்கள். ஊறும் வாளிக்கு மூடி கட்டாயம். காலப்போக்கில் பொச்சு மக்கி வேரை நெருக்கத் தொடங்கும். விரலால் அழுத்தும்போது உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள்.