வாளையாறு தாண்டிக் குடிவந்தவர்களுக்கு: தெருமுனையில் குப்பைத்தொட்டி தேட வேண்டாம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் வீடு பிடித்து வருகிறவர்களுக்கு எல்லை தாண்டிய உணர்வே இருக்காது. கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், பக்கத்து வீட்டிலும் தமிழ். முதல் வாரம் முடிவதற்குள் குப்பைப் பை நிறைந்துவிடும். கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் தொட்டி இருக்காது. காலையில் மணியடித்துக்கொண்டு தள்ளுவண்டியும் வராது.

கேரளத்தில் வீடுவீடாக வந்து வாங்கும் ஏற்பாடு நிலைபெற்ற பிறகு, பொதுத் தொட்டிகளைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். பொதுத் தொட்டிக்கு யாரும் பொறுப்பில்லை. மீன் கழிவும் பால் கவரும் உடைந்த பல்பும் ஒன்றாக விழும், அப்படி விழுந்த பிறகு எதையும் பிரிக்க முடியாது. பிரிக்காமல் ஓரிடத்தில் மலையாகக் குவித்தால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்தில் பற்றிய தீ காட்டியது. குப்பைமேடு பல நாள் புகைந்தது, ஊரே மூச்சுத் திணறியது. அதன்பின் கெடுபிடி அதிகமானது.

சாலையோரம் பச்சை வண்ணத்தில், கம்பிவலை அடித்து, பூட்டுப் போட்ட ஒரு கூண்டைப் பார்ப்பீர்கள். மலையாளத்தில் 'மினி எம்.சி.எஃப்.' என்று எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அது பொதுத் தொட்டி அல்ல. வீடுகளில் வாங்கிய சாக்குகளை வண்டி வரும்வரை வைக்கும் இடம். அதன் மேலோ பக்கத்திலோ ஒரு பை சாப்பாட்டு மிச்சத்தை வைத்துவிட்டுப் போனால், இரவில் நாய் கிழிக்கும், சாறு வலைக்குள் வழியும். உள்ளே கழுவிக் காயவைத்து அடுக்கிய சாக்கெல்லாம் நாறும். மறுநாள் வீடுவீடாகக் குப்பை வாங்கும் பெண்கள் அதைக் கொட்டி, கையாலேயே மறுபடி பிரிக்க வேண்டும். கடைவீதியிலும் பஸ் ஸ்டாண்டிலும் நிற்கிற பாட்டில் பூத்தும் அப்படித்தான். காலி பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மட்டுமே அது.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஹரித கர்ம சேனை. கேரள அரசின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயைச் சேர்ந்த பெண்கள், பச்சை மேலங்கி போட்டிருப்பார்கள். பொதுவாக மாதம் ஒரு முறை வருவார்கள். மக்காத குப்பை மட்டுமே வாங்குவார்கள். இங்கே அதற்கு 'அஜைவம்' என்று பேர், மக்குவது 'ஜைவம்'. கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் இரண்டையும் தினமும் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம். சமையல் கழிவு உங்கள் வீட்டிலேயே மக்க வேண்டும், அதற்கு வண்டி வராது.

குடிவந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். வாசல் சுவரிலோ கதவுப் பக்கத்திலோ க்யூ.ஆர். ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சேனைக்காரர்கள் அதை ஸ்கேன் செய்துதான் 'ஹரிதமித்ரம்' செயலியில் வரவு வைப்பார்கள். ஒட்டு கிழிந்திருந்தால் வார்டு மெம்பரிடம் சொல்லி வேறு ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து, சேனைக்குக் கட்டும் மாதக் கட்டணத்தில், அதாவது யூசர் ஃபீயில், பழைய பாக்கி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கணக்கு வீட்டு எண்ணின் பேரில் இருப்பதால், முன்பு குடியிருந்தவர் கட்டாமல் போனது உங்கள் தலையில் விழ இடமுண்டு.

யூசர் ஃபீ பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், நகராட்சிகளில் 70 ரூபாய், கடைகளுக்கு 100 ரூபாயில் தொடங்கும். 'இந்த மாசம் பிளாஸ்டிக்கே இல்லை' என்று சொல்லிப் பணத்தை நிறுத்த முடியாது. 2024-இல் திருத்திய சட்டப்படி 90 நாளைத் தாண்டிப் பாக்கி நின்றால் மாதம் 50 சதவீதம் அபராதம் சேரும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வேறு காரியமாகப் போனாலும் அதைக் கேட்பது உண்டு.

'கழுகி உணக்கி' என்ற இரண்டு மலையாளச் சொல்லைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கழுவி, காயவைத்து என்று பொருள். சேனைக்காரர்கள் வாசலில் முதலில் கேட்பது இதைத்தான். பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மூலையை வெட்டும்போது துண்டு தனியாக விழாமல் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். விழுந்த துண்டு சாக்கடைக்குத்தான் போகும், அதைத் திரும்பப் பொறுக்க ஆளில்லை. பால் ஊற்றிய கையோடு ஒரு பக்கம் முழுக்கக் கிழித்து விரித்து, பாத்திரம் அலசும் தண்ணீரில் ஒரு முறை அலசி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிவிடுங்கள். மூடியபடியே அலசினால் உள்மூலையில் பால் தங்கிவிடும், இரண்டு நாளில் புளித்த வாடை அடிக்கும், ஒரு பாக்கெட் மொத்தச் சாக்கையும் கெடுக்கும். எண்ணெய்க் கவரை வெட்டி விரித்துப் பழைய பேப்பரால் துடைத்த பிறகு சோப்புத் தண்ணீர் காட்டுங்கள், வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. மசாலா, சிப்ஸ், பிஸ்கட் கவர்களில் உள்பக்கம் வெள்ளியாக மின்னுகிறவற்றைத் தனிப் பையில் போடுங்கள். பல அடுக்கு ஒட்டிய பொருள் அது, மறுபடி உருக்கிப் பயன்படுத்துவது கடினம், பெரும்பாலும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகிறது. சுத்தமான பிளாஸ்டிக்கை விலை கொடுத்து எடுக்கிறார்கள். அந்தக் காசு சேனைக்கே வருகிறது. அழுக்காக வந்தால் அதை அப்புறப்படுத்த எதிர்ச்செலவு. நீங்கள் அலசும் அரை நிமிடம் அந்தப் பெண்களுடைய கூலி.

கண்ணாடிப் பாட்டில், செருப்பு, பழைய துணி, டியூப் லைட், பேட்டரி, கெட்டுப்போன சார்ஜர் எல்லாவற்றையும் எல்லா மாதமும் எடுப்பதில்லை. எந்த மாதம் எது என்று காலண்டர் உண்டு, வருகிறவர்களிடமே கேளுங்கள். அதுவரை ஒரு சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். இரும்பு, அட்டை, செய்தித்தாளை ஆக்ரிக் கடைக்காரரிடம் விற்கலாம். நம் ஊர்க் காயலான் கடைதான் அது. டயப்பரும் நாப்கினும் இந்தச் சாக்கில் சேரவே கூடாது. அவற்றுக்குத் தனி ஏற்பாடு இருக்கிற ஊர் உண்டு, இல்லாத ஊரும் உண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வாடகை பேசும்போதே இதை விசாரித்துவிட வேண்டும்.

இனி சமையல் கழிவு. மண் கொஞ்சமாவது இருக்கிற வீட்டில் குழாய்க் கம்போஸ்ட் எளிது. 8 அங்குல பி.வி.சி. குழாய், 1.3 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கி, ஒரு அடி மண்ணுக்குள் இறங்கும்படி நட்டுவையுங்கள். கிணறு இல்லாத பக்கமாக இருக்கட்டும். முதலில் சாணிக்கரைசலில் கொஞ்சம் வெல்லம் கலந்து ஊற்றி, பிறகு தினமும் கழிவைப் போட்டு மூடுங்கள். ஒன்று நிறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பிறகு இரண்டாவதில் போடத் தொடங்குங்கள். அது நிறையும் சமயம் முதல் குழாயைத் தூக்கினால் உரம் ஆகியிருக்கும்.

மாடி வீட்டுக்கு மூன்றடுக்குக் கம்போஸ்ட் தொட்டி. சகிரிச்சோற்றில், அதாவது தென்னைநார்க் கழிவில், நுண்ணுயிர் கலந்து 'இனாக்குலம்' என்று விற்கிறார்கள். அடியில் ஒரு அங்குலம் பரப்பி, மேலே கழிவு, அதன்மேல் ஒரு பிடி இனாக்குலம். தினமும் இதே வரிசை. நிறைந்த தொட்டியைக் கீழே இறக்கி, காலித் தொட்டியை மேலே வையுங்கள். மூன்றாவது நிறையும்போது முதலாவது தயாராகும்.

இதில் கெட்டுப்போவதெல்லாம் ஈரத்தால்தான். சாம்பார் மிச்சம், அரிசி கழுவிய தண்ணீர், மாவுப் பாத்திரம் அலசிய தண்ணீர் உள்ளே போனால் காற்று அடைபட்டு அழுகும், நாறும். வடிதட்டில் அரைமணி வடித்துவிட்டுப் போடுங்கள். வெள்ளைப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்த இலையும் இனாக்குலமும் கூடுதலாகப் போட்டுக் கிளறினால் குறையும். பயந்துபோய் ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ கொட்டினால் மக்கவைக்கும் உயிரும் சேர்ந்து செத்துவிடும். மீன் குடலை நடுவில் புதைத்து இரண்டு மடங்கு இனாக்குலம் போடுங்கள். தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை, பெரிய எலும்பு எளிதில் மக்காது, வெளியிலேயே வையுங்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் முன், மே மாதத்திலேயே ஒரு சாக்குக் காய்ந்த இலை சேர்த்துவைத்துக்கொண்டால் ஆகஸ்ட் வரை கவலை இல்லை.

பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். நீர்நிலையில் குப்பை போட்டால் 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. போட்டோ எடுத்து அனுப்புகிறவருக்குச் சன்மானமும் தருகிறார்கள். வார இறுதியில் ஊருக்குப் போகும்போது பையைக் காரில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டியபோது நமக்கு எவ்வளவு வலித்தது? பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித்தான் அதைத் திரும்ப அள்ளிப்போனார்கள்.

இரண்டு மாதமாக யாரும் வரவில்லை என்றால் பஞ்சாயத்துச் செயலாளருக்கு எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தமிழிலேயே எழுதும் உரிமை தருகிறது, மலையாளம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். வார்டு எண், வீட்டு எண், கடைசி ரசீதின் தேதி, இப்போது எத்தனை சாக்கு சேர்ந்திருக்கிறது என்று நாலு வரி போதும். ரசீதின் நகல் ஒன்றை இணைத்து, கொடுத்ததற்கு அலுவலகத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.