மாரிக்குப் பின் புற்றரையிற் சிதறிய சல்லிக் கற்களை அகற்றுதல்

ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை ஓயும்போது, யாழ்ப்பாணத்து வளவுகளில் கேற்றிலிருந்து வீட்டு வாசல்வரை பரவியிருந்த சல்லியின் ஒரு பகுதி வழியோரப் புல்லுக்குள் கிடக்கும். வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது கொஞ்சமே. படிந்த சேற்றை மண்வெட்டியால் வழித்துப் புல்லின் பக்கம் எறிவதால் வந்து சேர்வதுதான் அதிகம். கனடாவிலுள்ள நம் உறவினர் பனியை அள்ளித் தள்ளும்போதும் இதே தொல்லை உண்டு. ஆனால் அங்கே அக்காலத்தில் புல் வளர்வதில்லை. இங்கோ மாரி ஈரத்தில் அறுகு ஓடிப் படர்ந்து, கற்களைத் தன் கொடிகளுக்குள் பிடித்துக்கொள்ளும். ஆகவே தை மாதம் கடப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

அதற்காக மழை விட்ட மறுநாளே இறங்கவும் கூடாது. வலிகாமத்துச் செம்மண் ஈரமாக இருக்கும்போது வாரினால், கல்லோடு புல்லும் வேருடன் பெயர்வதுடன், மிதித்த இடமெல்லாம் இறுகிவிடும். நன்றாகக் காய்ந்த பின்னரோ அதே மண் கல்லை விடாது. ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தி, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுவே பதம். வடமராட்சிக் கரையோர மணல் வளவுகளில் இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை.

முதலில், குவியலாகக் கிடப்பவற்றைத் தட்டைச் சவளால், புல்லின் மேலாகவே சரித்து அள்ளுங்கள். மண்வெட்டி இதற்கு உதவாது. அது புல்லையும் சேர்த்து வெட்டும். மிகுதியை விசிறிபோல் விரிந்த பற்களையுடைய குப்பைவாரியால், புற்றரையின் உட்பக்கத்திலிருந்து வழியை நோக்கி, அழுத்தாமல், குறுகிய வீச்சுகளாக வாருங்கள். ஒரே இடத்தை ஒரு திசையில் மட்டும் வாரினால் அறுகங்கொடிகள் படுத்துக் கற்களை மூடிவிடுமாதலால், குறுக்காகவும் ஒருமுறை வார வேண்டும். அப்போது கொடிகள் நிமிர, அடியில் இருந்த கற்கள் கலகலவென்று மேலே வரும். இரும்புப் பற்களையுடைய கனத்த வாரியை நான் பரிந்துரைப்பதில்லை. கடைசியில், முனை தேய்ந்து கட்டையான பழைய ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டினால், வாரியின் பற்களுக்குத் தப்பிய சிறு கற்களும் வந்துவிடும்.

வாரியெடுத்ததில் சருகும் மண்ணும் கலந்திருக்கும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். கருங்கற் சல்லி வெளியிலிருந்து ஏற்றிவரப்படுவதால், அதைக் குப்பையோடு கொட்டுவது வீண்செலவு. அரிதட்டில் அரித்து மண்ணைப் பிரித்த பின், தண்ணீர் நிறைந்த வாளியில் கல்லைக் கொட்டிக் கிளறினால் சருகு மிதக்கும். அதை வழித்தெடுத்துவிட்டுக் கல்லைச் சில்லுத் தடங்களின் பள்ளங்களில் பரவலாம்.

கடுகளவுக் கற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவை மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். பெருவிரல் நகத்தளவுக்கு மேற்பட்டவையே ஆபத்தானவை. புல்வெட்டும் இயந்திரத்தில் பட்டுத் தெறித்தால் கண்ணையோ கார்க் கண்ணாடியையோ பதம் பார்த்துவிடும். மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் குனிந்து பார்த்தால், எஞ்சிய கற்கள் தம் நிழலாலேயே தெரிந்துவிடும். அவற்றைக் கையால் பொறுக்குங்கள். முதல் வெட்டில் இயந்திரத்தின் அலகை உயர்த்தி வைத்து, சப்பாத்தும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

புல் பெயர்ந்த இடங்களில், அரித்த செம்மண்ணுடன் மக்கிய மாட்டெருவைக் கலந்து மெல்லியதாகத் தூவித் தண்ணீர் விட்டால், அறுகு தானாகவே ஓடி மூடிக்கொள்ளும். அடுத்த மாரிக்கு முன், வழியோரத்தில் சல்லி மட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்குமாறு சுண்ணக்கல் வரிசையொன்றைப் பதியுங்கள். வெள்ளம் வடிய இடையிடையே சிறு இடைவெளி விட்டு, கல் வெளியேறாதபடி அந்த இடைவெளிகளில் கம்பிவலை வையுங்கள்.