பழைய சக்கு ஒன்றை லேத்தில் மாட்டும் முன்

மதுரையில் பழைய இரும்புக் கடையில் நாலு தாடைச் சக்கு (கடையும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவி) ஒன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கடைசல் லேத்தில் மாட்டினால் மரையில் ஏறவில்லை. பலத்தைக் காட்டாமல் விட்டது என் நல்ல நேரம்.

ஸ்பிண்டில் (சக்கு ஏறும், லேத்தின் சுழல் தண்டு) மரையை முதலில் அளந்துவிடுங்கள். வெர்னியர் அளவுகோலில் 25.4 மி.மீ. விட்டம் காட்டி, அதே நீளத்தில் 8 மரை இருந்தால் அது ஒரு அங்குல மரை. 33 மி.மீ. விட்டம், 10 மரைக்கு 35 மி.மீ. என்றால் மெட்ரிக். ஒன்றேகால் அங்குலச் சக்கு 33 மி.மீ. ஸ்பிண்டிலில் ஏறாது. என் கதை அதுதான். இரண்டு மரையையும் இணைக்கும் அடாப்டர் வாங்கலாம், இல்லை தெரிந்த டர்னரிடம் (கடைசல்காரரிடம்) சக்கின் முதுகில் பொருத்தும் பேக் பிளேட் கடைந்து வாங்கலாம்.

மரை பொருந்தினாலும் வேலை முடியவில்லை. சக்கின் முதுகு ஸ்பிண்டில் தோளில் (மரை முடியும் இடத்தில் உள்ள அகன்ற விளிம்பில்) ஒட்டி உட்கார வேண்டும். தோளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மரை இல்லாத வெற்று இடம் இருக்கும். சக்கின் வாயில் அதற்கேற்ற குழி இல்லையென்றால் முன்னாலேயே நின்றுவிடும். அப்படியே ஓட்டினால் ஆட்டம்தான். சக்குக்கும் தோளுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சிகரெட் தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் வாயைக் கொஞ்சம் கடைந்து அகட்ட வேண்டும்.

மரைக்குள் காய்ந்த கிரீஸ், பூவரசுத் தூள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் துடைத்துவிடுங்கள். தாடைகளில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், அந்த வரிசையிலேயே போடுங்கள். அப்புறம், ஸ்பிண்டிலோடு பிடித்து நிறுத்தும் பூட்டுத் திருகு இல்லாத சக்கை வைத்து லேத்தைத் தலைகீழாகச் சுற்ற விடாதீர்கள், கழன்று வந்துவிடும்.