கல்யாண டிவிடியும் கைப்பேசி வீடியோவும் ஓட ஒரு சின்னக் கணினி

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் பாதிப் பேர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள்தான். லயத்து வீட்டைக் காலி செய்தபோது தூக்கி வந்த சாமான்களில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று டிவிடிகள். எங்கள் வீட்டு டின்னில் 31 இருந்தன. அவற்றை ஓட்டும் பெட்டி செத்து நாளாகிவிட்டது. சில தட்டுகளில் ஈரத்துக்குப் பூஞ்சையும் பிடித்துவிட்டது. இன்னொரு பக்கம் அக்கா மகன் தன் ஐபோனில் எடுத்துக் குவிக்கும் வீடியோக்கள். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்கு மட்டும் 2 மணி நேரம் எடுத்து வைத்திருக்கிறான்.

இவை எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டு, கூடத்து டிவியிலும் அம்மாவின் டேப்லெட்டிலும் நினைத்தபோது பார்க்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு மீடியா சர்வர் வேண்டும். சர்வர் என்றதும் மிரள வேண்டாம். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கணினி, ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு மென்பொருள், அவ்வளவுதான். மென்பொருளுக்கு நான் ஜெல்லிஃபின் வைத்திருக்கிறேன். 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம். பிளெக்ஸும் நல்லதுதான். ஆனால் கீழே நான் விளக்கப்போகும் முக்கியமான வசதிக்கு அதில் பணம் கட்ட வேண்டும்.

கணினியைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். முதலில் ஆன்லைனில் ஓர் ஆண்ட்ராய்டு டப்பா வாங்கினேன், பெயர் வேண்டாம். அட்டையில் 8கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதையே சர்வராக்கி டிவிடியைப் போட்டேன், ஓடியது. தைப்பூச வீடியோவைப் போட்டேன். காவடி இரண்டடி எடுத்து வைத்து நின்றுவிட்டது.

படி 1: கடைக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள்

இரண்டு விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் மிகக் கனமான வீடியோ எது? வீட்டில் இருக்கும் மிகப் பழைய டிவி எது? இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்யப்போவதுதான் நீங்கள் வாங்கும் கணினி.

பழைய டிவிடிதான் தொல்லை கொடுக்கும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறு. டிவிடி படம் 720க்கு 576 புள்ளிதான், எந்தக் கணினிக்கும் அது பஞ்சு மூட்டை. கனமானது புதுக் கைப்பேசி எடுப்பது. ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிப் பதிகின்றன. இதற்கே எச்இவிசி என்றும் பெயர். ஐபோன் 12 முதல், வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் நுட்பமாகக் காட்டும் எச்டிஆர் வேறு சேர்ந்துகொண்டது. அதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட்டுக்குப் பதில் 10 பிட். இந்த 10 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

உங்கள் வீடியோ எந்த வகை என்று தெரியவில்லையா? கணினியில் விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, டூல்ஸ் பகுதியில் கோடெக் (சுருக்கும் முறை) தகவலைத் திறந்தால் அங்கே எழுதியிருக்கும்.

படி 2: துரையும் கிராணியும்

அப்பா சொல்வார்: அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் பேசப் பேச, தோட்டத்து எழுத்தரான கிராணி பக்கத்தில் நின்று தமிழில் சொல்வாராம். துரை மூச்சு வாங்குவதற்குள் கிராணி சொல்லி முடிக்க வேண்டும். திணறினால், வேலைக்கு ஆள் கூடி நிற்கும் பெரட்டுக் களமே விழித்துக்கொண்டு நிற்கும்.

மீடியா சர்வரிலும் இதேதான் நடக்கிறது. வீடியோ எச்.265-இல் பேசுகிறது. எங்கள் கூடத்து டிவி 2013-இல் வாங்கியது, அதற்கு முந்தைய முறையான எச்.264 மட்டும்தான் புரியும். சர்வர் நடுவில் நின்று, படம் ஓட ஓட மாற்றிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். டிவிக்கு அந்த மொழி நேராகவே தெரிந்திருந்தால் மாற்ற வேண்டிய வேலையே இல்லை. கோப்பை அப்படியே அனுப்பிவிடலாம், அது டைரக்ட் பிளே. அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்தக் கணினியும் போதும். வீட்டில் இருக்கிற எல்லா டிவியும் புதிது என்றால் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிப் போகலாம்.

டிரான்ஸ்கோடிங்கை மூளையாகிய சிபியூவே செய்தால் அது திணறும், சூடேறும், விசிறி கத்தும். அதற்கென்றே தனிப் பகுதி சிப்புக்குள் இருந்தால் சத்தமில்லாமல் செய்துவிடும். இன்டெல் சிப்புகளில் அந்தப் பகுதிக்குக் குவிக்சிங்க் என்று பெயர், 2011 முதல் இருக்கிறது. பிளெக்ஸ் பணம் கேட்பதும் ஜெல்லிஃபின் சும்மா தருவதும் இதைப் பயன்படுத்தும் வசதியைத்தான். நாம் வாங்கப்போவது ஒரு நல்ல கிராணியை. மற்றதெல்லாம் அலங்காரம்.

படி 3: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

கடைக்காரர் "ஐ5 பாஸ், பவர்ஃபுல்" என்பார். ஐ5 என்பது ஒன்றுமே சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஐ5-7500டி என்று இருந்தால் முதலில் நிற்கும் 7 என்பது ஏழாம் தலைமுறை. ஐ5-8500டி எட்டாவது. ஐ5-10500டி பத்தாவது. கடைசியில் வரும் டி, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரகம் என்பதற்கு அடையாளம். கடைசியில் எஃப் என்று இருந்தால் தொடாதீர்கள். அதில் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லை, கிராணி லீவு.

ஆறாம் தலைமுறையின் குவிக்சிங்க் எச்.265-ஐப் படிக்கும், ஆனால் 8 பிட் மட்டும். 10 பிட்டை முழுமையாகக் கையாள்வது ஏழாம் தலைமுறையிலிருந்துதான். அக்கா மகனின் ஐபோன் வீடியோ 10 பிட் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் ஏழுக்குக் கீழே போகாதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே ஏழாம் தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. விண்டோஸுக்குத்தான் அது கிழடு, அதற்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் நமக்கு அது குமரிதான். நான் அப்படித்தான் ஒன்றை 380 வெள்ளிக்கு வாங்கினேன். உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் மாதத்தில் விலை வேறாக இருக்கலாம். லினக்ஸ் வேண்டாம், விண்டோஸ்தான் பழக்கம் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து எட்டாம் தலைமுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: எந்தப் பெட்டி?

அலுவலகத்திலிருந்து கழித்த பெட்டிகளில் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலீட்டெஸ்க் மினி ஆகிய மூன்றும் சந்தையில் நிறைய கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா அளவுதான். உள்ளே 2.5 அங்குல டிஸ்க் ஒன்றையும் எஸ்எஸ்டி ஒன்றையும் வைக்க இடம் இருக்கும். ஆரம்பிக்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பழையது வேண்டாம், புத்தம் புதிதாக வேண்டும் என்றால் இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி. 2023-இல் வந்த சிப், 4 கோர், 6 வாட் ரகம். 10 பிட் எச்.265 மட்டுமல்ல, ஏவி1 என்ற புதிய முறையையும் படிக்கும். குறை என்னவென்றால், இதே சிப்பை வைத்து யார் யாரோ பெட்டி கட்டி விற்கிறார்கள். கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். நம் ஊர் மூன்று முள் பிளக்கும் சிரிம் தர முத்திரையும் இல்லாவிட்டால் அந்த அடாப்டரைச் சுவரில் செருகாதீர்கள். நாள் முழுக்க, ஆள் தூங்கும்போதும் ஓடப்போகும் சாமான் இது.

ராஸ்பெர்ரி பை பற்றிக் கேட்பீர்கள். விளையாடிப் பழக அருமையான பலகை. ஆனால் 5-ஆம் பதிப்பில் எச்.264-ஆக மாற்றி எழுதும் தனிப் பகுதியை எடுத்துவிட்டார்கள். டைரக்ட் பிளே மட்டும் போதும் என்பவர்களுக்குச் சரி. எங்கள் வீட்டு டிவிக்கு ஆகாது.

பரணில் கிடக்கும் பழைய பெரிய கணினியைப் பயன்படுத்தலாமே? பயன்படுத்தலாம், மின்சாரக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு. சின்னப் பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட்டை ஒட்டி எடுக்கும். அப்படியானால் 30 நாளைக்கு 7.2 யூனிட். பெரிய பெட்டி 60 வாட் எடுத்தால் 43.2 யூனிட். யூனிட் 40 சென் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு மாதம் 2.88 வெள்ளி, மற்றதற்கு 17.28. ஓர் ஆண்டில் வித்தியாசம் 170 வெள்ளியைத் தாண்டுகிறது.

படி 5: பழைய பெட்டியைக் கையில் வாங்கும்போது

கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸ் திரைக்குள் போக முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய அலுவலகம் கடவுச்சொல் வைத்துவிட்டுப் போயிருந்தால் பிறகு அவதி. உள்ளே போனதும், மின்சாரம் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். சர்வரை எழுப்ப ஒவ்வொரு தடவையும் மேசைக்குக் கீழே குனிந்து பொத்தானை அமுக்க வேண்டி வந்தால் இரண்டே வாரத்தில் ஆசை விட்டுப்போகும்.

அடாப்டர் சேர்த்துத் தருகிறார்களா? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முனை வேறு வேறு. எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா? சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான், அதற்கு ஒரு மாற்றி வாங்க வேண்டும். ரேம் 8 ஜிபி தாராளம். எஸ்எஸ்டி 256 ஜிபி போதும், வீடியோக்களை அதில் வைக்கப்போவதில்லை.

படி 6: டிஸ்க்

ஒரு சாதாரண டிவிடி அதிகபட்சம் 4.7 ஜிபி. எங்கள் 31 தட்டும் சேர்ந்து 146 ஜிபிக்குள் அடங்கிவிட்டன. ஐபோனின் 4கே வீடியோ, விநாடிக்கு 30 படம் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபிக்கு மேல். 2 டிபி டிஸ்க் ஒன்று பல ஆண்டுக்கு வரும். ஆனால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். எங்களுடையது அக்கா வீட்டு அலமாரியில் புடவைக்கு நடுவில் இருக்கிறது. டிஸ்க் சாவது உறுதி, தேதிதான் தெரியாது.

படி 7: எங்கே வைப்பது

ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து, சர்வரை மட்டுமாவது கேபிளில் இணையுங்கள். மேலே சொன்ன 4கே வீடியோவுக்கு விநாடிக்குச் சுமார் 23 மெகாபிட்தான் தேவை. கேபிளுக்கு அது சும்மா. இரண்டு கல்சுவர் தாண்டி வரும் வைஃபைக்குத்தான் திண்டாட்டம்.

சாமி மேடைக்குக் கீழே வைக்க வேண்டாம். அங்கே பிளக் இருந்தது என்று நான் வைத்தேன். சாம்பிராணிப் புகையையும் விபூதித் தூளையும் விசிறி இழுத்து, ஆறே மாதத்தில் உள்ளே ஒரு கம்பளமே விரித்துவிட்டது.

அப்புறம் இடி. நம் பக்கத்து மாலை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பலகை வாங்கி அதில் செருகுங்கள். வீட்டுக்கு வரும் ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழி மின்சாரம் பாயாது. ஆனால் ரௌட்டரின் மின்கம்பியும் நெட்வொர்க் கேபிளும் செம்பு. வானம் கறுத்து, யாரும் படமும் பார்க்கவில்லை என்றால் சர்வரை அணைத்துப் பிடுங்கிவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

படி 8: ஏற்றிச் சோதியுங்கள்

லினக்ஸ் மின்ட்டோ டெபியனோ போட்டு, ஜெல்லிஃபினை அவர்களின் தளத்தில் உள்ளபடி நிறுவுங்கள். பிறகு வீட்டில் உள்ள வேறொரு கணினியின் உலாவியில் சர்வரின் ஐபி எண், அதன் பின் முக்காற்புள்ளி, 8096 என்று அடித்தால் திறக்கும். இந்தக் கதவை வெளி இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம், வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும்.

நூலகம் உருவாக்கும்போது அது என்ன வகை என்று கேட்கும். குடும்ப வீடியோக்களுக்கு "ஹோம் வீடியோஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் "மூவீஸ்" என்று கொடுத்துவிட்டேன். அது இணையத்தில் தேடி, அத்தை கல்யாணத்துக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பேய்ப் படத்தின் போஸ்டரை மாட்டியது. மாமா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அத்தை சிரிப்பதில்லை.

பிளேபேக் அமைப்பில் ஹார்டுவேர் முடுக்கம் என்ற இடத்தில் குவிக்சிங்க்கைத் தேர்ந்தெடுத்து, எச்இவிசி 10 பிட் கட்டத்தில் குறியிடுங்கள். பக்கத்திலேயே டோன் மேப்பிங் இருக்கும், அதையும். இல்லாவிட்டால் எச்டிஆர் வீடியோ பழைய டிவியில் வெளுத்துப்போய்த் தெரியும். லினக்ஸில் இது வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஜெல்லிஃபின் பயனரை, கிராஃபிக்ஸ் பகுதியைப் பயன்படுத்த அனுமதி தரும் ரெண்டர் குழுவில் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

இப்போது படி 1-இல் எழுதிய தாளை எடுங்கள். மிகக் கனமான வீடியோவை மிகப் பழைய டிவியில் ஓடவிடுங்கள். ஓடும்போதே ஜெல்லிஃபின் டாஷ்போர்டைப் பார்த்தால் டைரக்ட் பிளேயா, டிரான்ஸ்கோடிங்கா, ஏன் மாற்றுகிறது என்று காரணத்தோடு சொல்லும். சிபியூ 20 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் கிராணி வேலையில் இருக்கிறார். 100-ஐத் தொட்டால் அமைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது, ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் காவடி இப்போது நிற்காமல் மலையடி வரை போகிறது. அப்பா மட்டும், கூட்டத்தில் பழைய தோட்டத்துக்காரர் யாரோ தெரிகிறார் என்று நடுவில் நிறுத்தச் சொல்கிறார்.