வரைபடத்தோடு நின்றுவிடும் படிப்பு: நகரமைப்பு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்க்கைக் கட்டத்திலேயே நேரும் ஒரு தவறை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டடக்கலைக்கான நாட்டா தேர்வை எழுதிவிட்டால் இளநிலைத் திட்டமிடல் படிப்புக்கும் அதுவே போதும் என்று பல பெற்றோர் நம்புகின்றனர். ஆனால் டெல்லி, போபால், விஜயவாடா நகரங்களிலுள்ள மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளில் பி.பிளான் இடம் பெற ஜேஇஇ முதன்மைத் தேர்வின் தாள் 2பி எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் படித்திருக்க வேண்டும். முதுநிலையில் கதவு இன்னும் அகலமானது. கட்டடக்கலை, சிவில் பட்டதாரிகளோடு புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலை முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. இது தெரியாததால் புவியியல் மாணவர்கள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

படிப்புக்குள் வந்தபின் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தின் நிறங்களை நிலத்தின் உண்மை நிலையாக எடுத்துக்கொள்வது. சென்னைப் பெருநகரப் பகுதியின் அப்போதைய 1,189 சதுர கிலோமீட்டருக்கு, 2026-ஐ இலக்கு ஆண்டாகக் கொண்டு, 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு நிறம் சொல்வது, அந்த இடத்தில் இனி என்ன அனுமதிக்கப்படும் என்பதை மட்டுமே. அங்கே இப்போது என்ன இருக்கிறது, நிலம் யாருடையது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவற்றை அது சொல்வதில்லை. விவசாயம் என்று குறிக்கப்பட்ட இடத்தில் அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகள் நிறைந்திருக்கலாம். குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட இடத்தின் ஓரத்தில் வருவாய்த் துறையின் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதப்பட்ட ஒரு புல எண் (சர்வே எண்) இருக்கலாம். எனவே ஸ்டுடியோ எனப்படும் செய்முறை வகுப்பில் ஓர் இடத்தை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர், முழுமைத் திட்ட வரைபடம், கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படம், நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் காட்டும் ‘அ’ பதிவேடு, நில மட்டக் கோடுகள் ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே தீர்வைப் பற்றி யோசிக்க வேண்டும். முழுமைத் திட்டம் நிலையானதுமல்ல. நிலப்பயன்பாட்டு மாற்றங்கள் புல எண் வாரியாக நடந்துகொண்டே இருக்கின்றன. அச்சிட்ட வரைபடத்தை மட்டும் நம்பும் ஆய்வறிக்கை அது எழுதப்படும் நாளிலேயே பழையதாகியிருக்கக்கூடும்.

இதன் கிளைதான் ஆய்வு எல்லையை நிர்வாக எல்லையோடு பொருத்திக்கொள்வது. வார்டு எல்லை தரவுக்கு வசதியானது, ஆனால் தண்ணீர் அதை அறியாது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். தென்சென்னையிலும் அதைச் சுற்றிலும் உள்ள பல ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தை நோக்கிச் செல்கிறது. வேளச்சேரியின் ஒரு வார்டை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே ஏன் வெள்ளம் தேங்குகிறது என்று ஆராய்கிறவர் எவ்வளவு உழைத்தாலும் மழைநீர் வடிகாலின் அகலத்தைப் பற்றித்தான் எழுத முடியும். மேலே நிரம்பும் ஏரிகளும் கீழே குறுகிய மடுவும் அவருடைய எல்லைக்கு வெளியே நின்றுவிடும்.

திட்டமிடலையும் சுற்றுச்சூழலையும் இரு தனித்தனிப் பாடங்களாகப் படிப்பது அடுத்த தவறு. பருவத் தேர்வு அப்படித்தான் பிரிக்கிறது. அதில் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் களத்தில் இரண்டும் ஒரே நிலத்தின்மீது மோதுகின்றன. அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் நதிச் சீரமைப்பின் பெயரில் அகற்றப்பட்டு, பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. சுற்றுச்சூழல் பாடத்தின் கண்ணில் இது ஆற்றங்கரை மீட்பு. வீட்டுவசதிப் பாடத்தின் கண்ணில் கான்கிரீட் வீடு கிடைத்த வெற்றி. பெரும்பாக்கம் அதே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம் என்பதும், அங்கும் வெள்ளம் புகுகிறது என்பதும், வேலைக்கும் பள்ளிக்கும் போகும் தூரம் பல மடங்கு கூடிவிட்டது என்பதும் இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே தெரியவரும். இந்த ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக ஆராய்வது நிலைத்த வளர்ச்சி பற்றிய பத்து விரிவுரைகளைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

எண்களில் நேரும் தவறு ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இது ஆண்டுதோறும் திரும்ப வருகிறது. சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2001-இல் சுமார் 43.4 லட்சம், 2011-இல் சுமார் 46.5 லட்சம். வேறு இடங்களில் 2011-க்கு 66 லட்சத்துக்கு மேற்பட்ட ஓர் எண்ணும் கிடைக்கும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அருகருகே வைத்து, நகரம் பத்தாண்டுகளில் பாதிக்குமேல் பெருத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். 2011-இன் பிற்பகுதியில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்ததே அந்தப் பெரிய எண்ணுக்குக் காரணம். பழைய எல்லைக்குள் வளர்ச்சி மிகக் குறைவு. பெருநகரப் பகுதியின் எல்லையும் 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டிருப்பதால், இனி வரும் ஒப்பீடுகளிலும் இந்தக் குழி காத்திருக்கிறது. மக்கள்தொகையை எழுதும்போதெல்லாம் அது எந்தப் பரப்புக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் வேண்டும்.

சட்டப் பாடத்தை மனப்பாடம் செய்வோர் விதியைப் படித்துவிட்டு விலக்கைப் படிக்காமல் விடுகின்றனர். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்றாலே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு என்று தேர்வில் எழுதுகிறார்கள். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடத் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவை. ஆனால் கட்டடங்களும் நகரியங்களும் அடங்கிய அந்த வகைக்குக் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளித்தது. நகர மாணவர் அன்றாடம் காணும் பெரிய அடுக்குமாடி வளாகங்கள் மக்களின் கருத்தைக் கேட்காமலே அனுமதி பெற்றது எப்படி என்பதற்கான விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தீர்ப்புகளைப் படிப்பதிலும் இதே குறைதான். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டுக்காகவும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டுக்காகவும் மட்டும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான அந்த வழக்கில், இழப்பைக் கணக்கிட்டு ஈட்டுத்தொகை வசூலிக்க ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்தவும், சென்னை உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான பசுமை அமர்வு ஒன்றை அமைத்து மேற்கொண்டு கண்காணிக்கவும் வழி சொல்லப்பட்டது. கொள்கை படிப்பவருக்கு அந்தப் பின்பகுதிதான் பாடம்: கோட்பாட்டை யார், எந்தப் பணத்தில், எந்தக் கால அளவில் செயல்படுத்தினார்கள் என்பது.

அறிக்கையின் இறுதியில் வரும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை முகவரி இல்லாதவை. “அரசு ஆவன செய்ய வேண்டும்” என்று முடியும் வாக்கியத்தை எந்த அலுவலகமும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகரத் திட்டமிடலையும் நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க பணிகளின் பட்டியலில் சேர்த்தது உண்மையே. ஆனால் சென்னையில் நிலப்பயன்பாடு பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும், குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடமும், ஏரிகளில் பல நீர்வளத் துறையிடமும், பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கின்றன. மாநகராட்சி செய்ய வேண்டும் என்று எழுதுமுன், அது செய்யச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

களப்பணியைத் தீர்வுக்கு ஆதாரம் திரட்டும் சடங்காக நடத்துவதும் பரவலாக உள்ளது. 1914-இல் ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. படங்கள் போனாலும் அவர் முறை போகவில்லை. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியின் நெருக்கத்தைக் குறைக்க நேரான அகலத் தெருக்களை வெட்டும் யோசனை இருந்தபோது, அவர் சந்து சந்தாக நடந்து, இடிந்துகிடந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, இருக்கும் திறந்தவெளிகளைச் சற்று விரித்தாலே போதும் என்று காட்டினார். நடந்து பார்க்காத ஒருவருக்கு அந்தத் தீர்வு தோன்றியிருக்காது. இன்றைய மாணவரோ ஆங்கிலத்தில் தயாரித்த வினாத்தாளை அங்கேயே நின்று தமிழாக்கி, கிடைத்த பதிலை மீண்டும் ஆங்கிலத்தில் குறித்துக்கொள்கிறார். சொன்னவரின் பேச்சு இரண்டு முறை வடிகட்டப்படுகிறது. பதிலைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு, ஆங்கிலமாக்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு “சென்னையின் வெள்ள மேலாண்மை” போன்ற தலைப்பு பெரும்பாலும் பிறர் அறிக்கைகளின் தொகுப்பாகவே முடியும். ஓர் ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை செல்லும் ஒரே வாய்க்காலை எடுத்து, அதன் புல எண்கள், கடந்த சில பத்தாண்டுகளில் அதன்மேல் தரப்பட்ட கட்டட அனுமதிகள், அந்த வாய்க்காலுக்குப் பொறுப்பான துறை ஆகியவற்றை ஆராய்வது ஒரு பருவத்துக்குள் முடியக்கூடிய வேலை. இதற்கான ஆவணங்கள் கேட்டவுடன் கிடைப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் 30 முதல் 45 நாள் வரை ஆகலாம். ஆதலால் தலைப்பு ஏற்கப்பட்ட வாரத்திலேயே, புல எண்ணைக் குறிப்பிட்டு, தேவையான ஆவணத்தின் பெயரையும் எழுதி விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.