பழைய கார் சக்கரத்துக்குப் பாலிஷ் போடுகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பல வீட்டு ஷெட்டுகளில் இன்னும் அம்பாசடரும் பத்மினியும் நிற்கின்றன. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று பங்காளிகள் ஊருக்கு வரும்போதுதான் அவற்றின் ஞாபகம் வரும். யாராவது ஒருவர் வாளியும் துணியுமாகச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வருடக்கணக்கில் தூசியில் நின்றபோது ஆகாத சேதம் அந்த ஒரு நாளில் ஆகிவிடுவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

மினுங்குவதெல்லாம் ஒரே பரப்பு என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. பழைய அம்பாசடரில் ரிம் இரும்பு, அதன்மேல் பெயிண்ட். நடுவில் இருக்கும் வீல் கப்பும் இரும்புத் தகடுதான், ஆனால் அதன்மேல் இருப்பது குரோம். பிற்பாடு மாட்டிய அலாய் வீல் என்றால் அது அலுமினியம், பெரும்பாலும் மேலே கண்ணாடி போன்ற லாக்கர் பூச்சு இருக்கும். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம்.

அலாய் வீலில் லாக்கர் இருக்கிறதா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். கண்ணில் படாத உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் மெட்டல் பாலிஷைத் தொட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்கவில்லை என்றால் நீங்கள் தேய்ப்பது லாக்கரை. அதற்கு மெட்டல் பாலிஷ் கூடாது. ஷாம்புவில் கழுவி வேக்ஸ் போட்டால் போதும். லாக்கர் விரிசல் விட்டு, உள்ளே வெள்ளையாகப் புழு ஓடியதுபோல் தடம் தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை. பழைய லாக்கரை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் பாலிஷுக்கே போக வேண்டும்.

அடுத்தது புளி. நம் வீடுகளில் குத்துவிளக்கும் பித்தளை அண்டாவும் புளி தேய்த்தே பளபளத்தவை. அந்தப் பழக்கத்தில் சக்கரத்துக்கும் புளி, எலுமிச்சை என்று இறங்கிவிடுகிறார்கள். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை எந்த ஆச்சியும் வைத்திருக்க மாட்டார். பாத்திரம் அரித்துவிடும் என்று தெரியும். அலாய் வீலும் அதே அலுமினியம்தான். அதற்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. சலவைச் சோடா கரைத்து ஊற்றினாலும் மங்கிப்போகும்.

இதைவிடக் கொடுமை, பாத்ரூம் கழுவும் ஆசிட். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது குரோமையே கரைத்துவிடும். வீல் கப்பில் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனத்தில்தான் இருக்கும். அதற்கு அடியில் உள்ள நிக்கல்தான் தடிமனானது, இரும்பைத் துருவிலிருந்து காப்பதும் அதுதான். ஆசிட் பட்ட கப்பை வெயிலில் திருப்பிப் பாருங்கள்: குரோமின் நீலச்சாயல் போய், திட்டுத்திட்டாக லேசான மஞ்சள் தெரியும். அது அழுக்கு அல்ல, வெளியே வந்துவிட்ட நிக்கல். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

குரோமில் சிறு துருப்புள்ளிகள் இருந்தால் கம்பி நார் வேண்டாம். சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. பிறகு துடைத்து வேக்ஸ் போடுங்கள். பூச்சு செதிலாக உரிந்துவிட்டது என்றால் மறுபடி பிளேட்டிங் கொடுப்பது ஒன்றே வழி. மேலே சில்வர் ஸ்ப்ரே அடிப்பது வீண். வழவழப்பான குரோமில் பெயிண்ட் பிடிக்காது. இந்தத் துருவையும் முலாமையும் ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அது.

செம்மண் தூசியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். அதில் இருக்கும் மணல் துணியோடு சேர்ந்து உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். முதலில் தண்ணீர் அடித்து இறக்குங்கள். ஓடி வந்த சூட்டோடு வேண்டாம், சக்கரம் ஆறட்டும். போர் தண்ணீர் என்றால் தானாகக் காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உப்புக்கறை நின்றுவிடும்.

வெறும் அலுமினியத்தில் கீறல் எடுக்க வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைசானது) போடுகிறவர்கள் பொறுமையில்லாமல் 400-இலிருந்து நேராக 2000-க்குத் தாவுகிறார்கள். 400 போட்ட கோடுகளை 2000 எடுக்காது. பாலிஷ் ஏறியதும் அவை இன்னும் பளிச்சென்று தெரியும். 600, 800, 1000, 1500 என்று படிப்படியாக, ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றிப் போக வேண்டும். முந்தைய தாளின் கோடு மறைந்த பிறகே அடுத்தது. ஆங்கிள் கிரைண்டரில் பஃப் (பாலிஷ் போடும் துணிச் சக்கரம்) மாட்டி அடிப்பதும் தவறு, அந்த வேகத்தில் பரப்பு சூடேறிக் கறுத்துப்போகும்.

வீல் கப்பை வெறும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், கீழே மடித்த துணி வையுங்கள். பாலிஷ் பிரேக் டிஸ்க்கிலோ டிரம்மின் உள்ளேயோ படக்கூடாது. ரிம்முக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கும்போது நட் உட்காரும் குழிகளையும் ரிம் பின்பக்கம் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் முகத்தையும் டேப் போட்டு மறைத்துவிடுங்கள். அங்கே தடிமனாகப் பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட் தளரும். சக்கரத்தை மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.